பிரபலம் வாழ்ந்த வீடு விற்பனைக்கு

புதிதாக ரியல் எஸ்டேட் லைசென்ஸ் வாங்கி, கார் கதவில் தங்கள் புகைப்படத்தையே பெரிதாக ஒட்டிக்கொண்டு டெக்சாஸ் வெயிலில் சுற்றுகிற தம்பி தங்கைகளுக்கு வணக்கம். "ஆன்ட்டி, ரிட்டயர் ஆயிட்டீங்க, ஃப்ரீயாத்தானே இருக்கீங்க, உங்க எக்ஸ்பீரியன்ஸ்லேர்ந்து நாலு வார்த்தை எழுதுங்க" என்று உங்கள் வாட்ஸ்அப் குழுவில் கேட்டிருந்தீர்கள். நாலு வார்த்தையோடு நிறுத்துகிற ஆள் நான் இல்லை என்று தெரிந்தும் கேட்டிருக்கிறீர்கள். இனி உங்கள் பாடு.

கடன், வட்டி, ஒப்பந்தம் இதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். நான் ஒரு கையெழுத்துக்காக ஊரின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கார் ஓட்டியிருக்கிறேன். நீங்கள் போனிலேயே விரலால் கிறுக்க வைத்துவிடுகிறீர்கள். அதனால் அந்தப் பக்கமே நான் போகப்போவதில்லை. வாடிக்கையாளர் வாய் திறந்து ஒரு கேள்வி கேட்டுவிட்டு நம் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாரே, அந்த அரை நிமிஷத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அந்த அரை நிமிஷத்தை எந்த ஆப்பும் நமக்காகச் சமாளித்துத் தராது.

முதலில் எங்கள் ஊர். டல்லஸிலிருந்து காரில் கிளம்பினால் ஒரு காபியும் ஒரு குடும்பச் சண்டையும் முடிகிற தூரம். பெரிய நகரம் என்று சொன்னால் டல்லஸ்காரர்கள் சிரிப்பார்கள், சின்ன ஊர் என்று சொன்னால் எங்கள் மேயருக்குக் கோபம் வரும். ஒரு கல்லூரி, ஒரு பெரிய ஆஸ்பத்திரி, அவ்வப்போது விமானம் வருகிற ஒரு விமான நிலையம், இட்லி மாவு கிடைக்கிற ஒரே ஒரு கடை. இந்த அளவு ஊர்களுக்கென்று ஒரு வியாதி உண்டு. தங்கள் ஊரில் யார் யார் வாழ்ந்தார்கள் என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்கள். எங்கள் ஊரில் பிறந்தவர், படித்தவர், அத்தை வீட்டுக்கு வந்து போனவர், டயர் பஞ்சராகி இரண்டு நாள் மாட்டிக்கொண்டவர் எல்லாரும் எங்கள் ஊர்க்காரர்கள்தான். விண்வெளிக்குப் போய்வந்த ஒரு அம்மாள் உண்டு. கிடாரும் தொப்பியுமாக உலகம் சுற்றிய ஒரு பாடகர் உண்டு. டிவியில் மாட்டிறைச்சி வாட்டிப் பேர் வாங்கிய ஒரு சமையல்காரர் உண்டு. இவர்களுக்கெல்லாம் தலைமேல் ஒரு பேஸ்பால் வீரர். மட்டையாளரை நோக்கிப் பந்து எறிகிறவரைப் பிட்சர் என்பார்கள். அவர் எறிந்தால் பந்து கண்ணுக்கே தெரியாதாம். நான் பார்த்ததில்லை, பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது.

எங்கள் தொழிலில் இந்தப் பிரபலங்கள் இலவச விளம்பரம். "இந்த வீட்டில் இன்னார் இருந்தார்" என்று ஒரு வரி சேர்த்தால் ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேர் கூடுதலாக வந்து எட்டிப்பார்ப்பார்கள். அந்தப் பாடகர் எங்கள் ஊரில் இருந்ததே கொஞ்ச காலம்தான். அவர் வாழ்ந்ததாக விற்கப்பட்ட வீடுகளை வரிசையாக நிறுத்தினால் ஒரு தெருவே வந்துவிடும். எங்கள் அலுவலகத்தில் மதுரைப் பக்கத்து நண்பர் ஒருவர் இருந்தார். ஒரு தம்பதியை அப்படி ஒரு வீட்டுக்கு அழைத்துப்போய், வாசல் வராந்தாவைக் காட்டி, "இங்க உக்காந்துதான் சார் அவர் முதல் பாட்டே எழுதினாரு" என்று உருகியிருக்கிறார். பக்கத்து வீட்டுப் பாட்டியம்மாள் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே, அந்தப் பையன் ஊரைவிட்டுப் போன பிறகுதான் இந்த வீட்டைக் கட்டினார்கள் என்று சொல்லிவிட்டார். நம் ஆள் அசரவில்லை. "அதனால என்ன சார், இந்த மண்ணுல நடந்திருப்பாருல்ல" என்றாராம். அந்தத் தம்பதி விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்துவிட்டு வேறு ஏஜெண்டிடம் போய்விட்டார்கள்.

நான் வேலை பார்த்த அலுவலகத்தை நடத்தியவர் என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர், டெக்சாஸ்காரப் பெண்மணி. எந்நேரமும் டம்ளரில் ஐஸ் கட்டியைப் போட்டுக் கடித்துக்கொண்டிருப்பார். பிள்ளைகள் கல்லூரிக்குப் போன பிறகு வேலை தேடி வந்த எனக்கு அவர் பயிற்சி வகுப்பெல்லாம் எடுக்கவில்லை. ஒரே ஒரு விஷயம் சொன்னார். கேட்டால் பொய் சொல்லக் கூடாது, கேட்காத ஊர்வம்பைக் கொண்டுபோய்க் கொட்டவும் கூடாது. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று கேட்டேன். ஐஸைக் கடித்துக்கொண்டே, நிற்கிற அளவுக்கு இருக்கிறது என்றார்.

அமெரிக்க வாடிக்கையாளர்களோடு அந்த இடத்தில் நிற்பது சுலபம். பிரபலம் வாழ்ந்த வீடு என்றால் வாசலில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு, அடுத்தது கூரைக்கு என்ன வயது என்று கேட்பார்கள். நம்மவர்கள் அப்படியா? யார் இருந்தார்கள் என்பதோடு விடமாட்டார்கள். நன்றாக இருந்தார்களா, இங்கே வந்த பிறகு மேலே போனார்களா, ஏன் காலி செய்கிறார்கள், பெரிய வீட்டுக்குப் போகிறார்களா, பிரிந்து போகிறார்களா என்று ஜாதகம் பார்க்கிற மாதிரி தோண்டுவார்கள். ராசியான வீடு வேண்டும். விற்கிறவர் வாழ்ந்து உயர்ந்து, சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுக்க வேண்டும். சட்டப்படி விற்கிறவர் சொல்ல வேண்டியது கூரை ஒழுகுமா, கரையான் உண்டா, வெள்ளம் வந்ததா என்பதைத்தான். அவருடைய குடும்ப வாழ்க்கை ஒழுகியதா என்ற கட்டம் அந்தப் படிவத்தில் கிடையாது.

இப்போது நித்யா கதைக்கு வருகிறேன்.

நித்யா எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் பார்மசிஸ்ட். கோயம்புத்தூரில் பார்மசி படித்து, கல்யாணமாகி, கணவன் கார்த்திக்கின் விசாவில் ஒட்டிக்கொண்டு அமெரிக்கா வந்த பெண். வேலை செய்ய அனுமதி இல்லாத விசா. வருஷக்கணக்காக வீட்டில் உட்கார்ந்திருந்தாள். பிறகு அனுமதி வந்ததும் கல்லூரிப் பாடத்தை மறுபடி முதலிலிருந்து படித்து, பரீட்சை மேல் பரீட்சை எழுதி, சம்பளமில்லாமல் பயிற்சி எடுத்து, கடைசியில் இந்த ஊரில் வேலை கிடைத்தது. இதே மாதிரி விசாவில் நானும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு கிடந்தவள். அதனால் அவளைப் பார்த்த முதல் நாளே எனக்குப் பிடித்துப்போனது.

கார்த்திக்குச் சாஃப்ட்வேர் வேலை, வீட்டிலிருந்தே செய்வது. நல்ல பையன். அப்பா சொல்லைத் தட்டாத பையன். அப்பா கரூரில் பஸ்ஸுக்குப் பாடி கட்டுகிற பட்டறை வைத்திருந்து ஓய்வுபெற்றவர். எங்கள் வீடு பார்க்கும் படலம் முழுக்க அவர் கூடவே வந்தார், கார்த்திக்கின் போனுக்குள். எங்களுக்குக் காலை நேரம் என்றால் அவருக்கு ராத்திரிச் சாப்பாட்டு நேரம். இட்லியைப் பிட்டுச் சட்னியில் தோய்த்துக்கொண்டே, "கார்த்தி, போனை அந்தப் பக்கம் திருப்பு. அந்த மூலையைக் காட்டு" என்று டெக்சாஸ் வீடுகளை ஒவ்வொன்றாக நிராகரிப்பார். ஒரு வீட்டில் இருந்தவர்கள் விவாகரத்து, வேண்டாம். இன்னொன்றில் இருந்தவர் கடையை மூடிவிட்டார், வேண்டாம். ஒரு வீட்டம்மாள் மாடிப்படியில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டதால் விற்கிறார், வேண்டவே வேண்டாம். எல்லாம் பொருந்திய ஒரு வீட்டை, "இருந்தவங்க எப்புடின்னே தெரியலீங்க" என்று தள்ளினார்.

ஆரம்பத்தில் எனக்கு இது வேடிக்கையாகத்தான் இருந்தது. ஒருநாள் காரில் தனியாக வரும்போது நித்யா சொன்னாள்.

"ஆன்ட்டி, டிசம்பரோட அபார்ட்மெண்ட் லீஸ் முடியுது. அதுக்குள்ள வீடு அமையலைன்னா ஃபிரிஸ்கோவுக்கு மூவ் பண்றதுன்னு மாமாகிட்ட கார்த்திக் ஓகே சொல்லிட்டாரு."

டல்லஸை ஒட்டிய ஃபிரிஸ்கோவில்தான் கார்த்திக்கின் தங்கை வீடு. நம் ஜனம் நிறைய. கோயில், டியூஷன், பாட்டு வகுப்பு எல்லாம் வாசலிலேயே கிடைக்கும்.

"அங்க ஹாஸ்பிட்டலே இல்லையா?" என்றேன்.

"இருக்கு. அப்ளை பண்ணணும், வெயிட் பண்ணணும். இந்த ஒரு வேலைக்கு எத்தனை நாள் வெயிட் பண்ணேன்னு எனக்குத்தான் தெரியும். மறுபடி வீட்ல உக்காந்தா நான் எந்திரிக்கவே மாட்டேன் ஆன்ட்டி."

அழவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு எனக்கு வேடிக்கை போய்விட்டது. இந்தப் பெண்ணுக்கு டிசம்பருக்குள் ஒரு வீடு பிடித்தே ஆகவேண்டும் என்று வெறியே வந்துவிட்டது.

அப்போதுதான் பிட்சர் வீடு விற்பனைக்கு வந்தது. செங்கல் வீடு, அகலமான ஜன்னல்கள், பின்னால் பாதாம் மாதிரிக் கொட்டை காய்க்கிற ஒரு பெரிய பிக்கான் மரம். ஆஸ்பத்திரிக்குப் பக்கம். விற்றவர்கள் ஒரு பள்ளி ஆசிரியரும் அவர் மனைவியும். பல காலம் அங்கே சௌக்கியமாக இருந்து பிள்ளைகளை ஆளாக்கியவர்கள், பேரன் பேத்திகளோடு இருக்கலாம் என்று காலி செய்திருந்தார்கள். நம்மவர்கள் தேடுகிற ராசிக்கு அச்சு அசலாக அவர்களே போதும். ஆனால் விளம்பரத்தில் அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர்களுக்கு முன்னால் இருந்த பிட்சர் பெயர்தான் கொட்டை எழுத்தில் இருந்தது.

கார்த்திக் உடனே கூகிளில் தேடினான். கோப்பையைத் தூக்கிப் பிடித்த படம், மைதானமே எழுந்து நிற்கிற படம் எல்லாம் வந்தன. அவற்றை அப்பாவுக்கும் காட்டினான். கரூரில் இட்லி ஆறிப்போனது.

"நம்ம ஊர்ல கிரிக்கெட் பிளேயர் வீட்டை வாங்குற மாதிரியாடா?"

"அதைவிடப் பெருசுப்பா."

"அப்ப முடிச்சுப்போடு சாமி" என்றார். மறுநாள் வாக்கிங் போகிற கூட்டாளிகள் அத்தனை பேருக்கும் செய்தி போய்விட்டதாம்.

கூகிளில் இல்லாதது ஒன்று எனக்குத் தெரியும். எங்கள் ஊருக்கே தெரியும், யாரும் பேசமாட்டார்கள். அந்த மனிதர் புகழின் உச்சியில் இருந்தபோது அந்த வீட்டை வாங்கினார். தோள்பட்டை போனது. ஆட்டம் போனது. குடிக்க ஆரம்பித்தார். மனைவி குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். கடைசியில் கடன் கொடுத்த வங்கி வீட்டை எடுத்துக்கொண்டது. கரூர் மாமாவின் கணக்கில் இதைவிட ராசி கெட்ட வீடு டெக்சாஸிலேயே இருக்க முடியாது.

ஆனால் யாரும் கேட்கவில்லை. கார்த்திக் கேட்கவில்லை, படங்களிலேயே மயங்கிவிட்ட அவன் அப்பாவும் வழக்கமான கேள்விகளை மறந்துவிட்டார். கேட்காததைச் சொல்ல வேண்டியதில்லை. நான் வாயை மூடிக்கொண்டு ஒப்பந்தம் எழுதினேன். விற்றவர்கள் ஒத்துக்கொண்டார்கள். டெக்சாஸில் ஒப்பந்தம் போட்ட பிறகும் வாங்குகிறவருக்குச் சில நாள் அவகாசம் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். அந்த ஆப்ஷன் நாட்களுக்குள் காரணமே சொல்லாமல் விலகிக்கொள்ளலாம். அந்தச் சில நாள் மட்டும் யாரும் எதுவும் கேட்காமல் இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

இன்ஸ்பெக்ஷன் அன்று காலை நல்ல குளிர். வீட்டைச் சோதிக்கிறவர் ஏணி போட்டுக் கூரைமேல் ஏறிவிட்டார். நித்யா வேலைக்குப் போகிற வழியில் வந்திருந்தாள், கழுத்தில் ஆஸ்பத்திரி பேட்ஜ் தொங்கியது. கார்த்திக் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அறை அறையாகக் காட்டினான். சமையலறையைத் தாண்டிப் பின்கதவைத் திறந்து போனைத் தோட்டத்துப் பக்கம் திருப்பினான்.

பிக்கான் மரத்தடியில் ஒரு பெரிய உருவம் குனிந்து காய் பொறுக்கிக்கொண்டிருந்தது. பழைய தொப்பி, முழங்காலில் கிழிந்த பேண்ட், கையில் பிளாஸ்டிக் வாளி. எனக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. அந்த மரம் அவர் நட்டது. ஒவ்வொரு வருஷமும் காய் விழுகிற சமயத்தில் வந்து பொறுக்கிக்கொள்ளச் சொல்லி ஆசிரியர் குடும்பம் பக்கவாட்டுக் கேட்டைத் திறந்து வைத்திருக்கும். அவர்கள் காலி செய்துவிட்டது அவருக்குத் தெரியாது போலிருக்கிறது.

"ஏனுங்க மேடம்" என்றது போன். "அது யாருங்க, பின்னால? தோட்டக்காரருங்களா?"

நான் சொன்னேனே அரை நிமிஷம், அது இதுதான். "ஆமாங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. வீடு உறுதியான வீடு. நித்யாவுக்கு வேலை தங்கும். டிசம்பர் பிரச்சினை தீர்ந்தது. அவர் பந்து எறிந்த நாட்களின் படங்களைத்தான் கார்த்திக் பார்த்திருந்தான், இந்த வயதான முகம் அவனுக்கு அடையாளம் தெரியாது. நான் நித்யாவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் திறந்து "ஆ" வரைக்கும் வந்துவிட்டது எனக்கு.

ஏன் சொல்லவில்லை என்று பின்னால் ரொம்ப யோசித்திருக்கிறேன். பெரிய நேர்மை எல்லாம் இல்லை. இருபது அடி தள்ளி நிற்கிற ஒரு மனிதரை, அவர் வாழ்ந்த வீட்டிலேயே, வேறு யாரோ என்று சொல்ல நாக்கு வரவில்லை. அவ்வளவுதான்.

"இல்லைங்க. அவர்தான் அந்தப் பிட்சர்" என்றேன்.

இட்லிக்குப் போன கை நின்றது. "அவருங்களா? வாளியைத் தூக்கிட்டு நிக்கறாரு?"

"அந்த மரம் அவர் வெச்சதுங்க. வருஷா வருஷம் காய் பொறுக்க வருவாரு."

"அப்ப வீட்டை ஏனுங்க வித்தாரு?"

"விக்கலைங்க. பேங்க் எடுத்துக்கிச்சு."

"ஆன்ட்டி!" என்றான் கார்த்திக். அவன் குரலில் இருந்தது கோபமா பயமா என்று தெரியவில்லை. நித்யா பின்கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு நான் என்ன செய்துவிட்டேன் என்று அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது.

கரூர் மாமா கேமராவுக்கு அருகில் வந்தார். பிறகு, "அவர்கிட்ட போனைக் குடுங்க. நானே கேட்டுக்கறேன்" என்றார்.

போய் அவரிடம் சொன்னேன். இவர்கள் இந்த வீட்டை வாங்கப் பார்க்கிறார்கள், இந்தியாவில் இருக்கிற குடும்பத்துப் பெரியவர் உங்களிடம் பேச வேண்டும் என்கிறார் என்று. அவர் கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டு, தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு போனுக்கு வணக்கம் சொன்னார். அந்தப் பக்கம் கரூர் மாமாவும் எச்சில் கையை மறைத்துக்கொண்டு, தோளில் துண்டைச் சரிசெய்து நிமிர்ந்து உட்கார்ந்தார். இருவரும் இங்கிலீஷில்தான் தொடங்கினார்கள். பிட்சர் இரண்டு வாக்கியம் பேசி முடித்ததும், "ஏனுங்க மேடம், இவரு பேசறது இங்கிலீஷுங்களா?" என்று கேட்டார் மாமா. டெக்சாஸ் இழுவைக்கு முன்னால் பட்டறை இங்கிலீஷ் நிற்கவில்லை. நடுவில் நான் மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று.

"இந்த வீட்ல நல்லா இருந்தீங்களான்னு கேளுங்க."

கேட்டேன். அவர் சிரித்தார். கொஞ்ச வருஷம் ராஜா மாதிரி இருந்தேன், அதற்கப்புறம் நாய்கூட என்னோடு இருக்கவில்லை என்றார். தன் கதையை எதையும் ஒளிக்காமல் சொன்னார். கடைசியில், குடித்தது நான், இந்த வீடு ஒருநாளும் குடித்ததில்லை என்று அந்தப் பெரியவரிடம் சொல்லுங்கள் என்றார். கொஞ்சம் மழுப்பி, நாலு வார்த்தையை முழுங்கிச் சொல்லலாமா என்று ஒரு சபலம் வந்தது. அந்தச் சபலத்தை ஒதுக்கிவிட்டு, சொன்னதைச் சொன்னபடியே தமிழில் சொன்னேன்.

"இவ்வளவு ஆனதுக்கப்புறம் இந்த ஊர்லயே ஏன் இருக்கறாருன்னு கேளுங்க. வேற பெரிய ஊருக்குப் போயிருக்கலாமில்லீங்க?"

போனேன், ஹூஸ்டனில் கொஞ்ச நாள் இருந்தேன் என்றார் அவர். அங்கே என்னை யாருக்கும் தெரியவில்லை, நல்லவனாகவும் தெரியவில்லை, கெட்டவனாகவும் தெரியவில்லை. இங்கே நான் விழுந்து கிடந்தபோது யாரோ வாசலில் சாப்பாடு வைத்துவிட்டுப் போனார்கள். இன்றுவரை யார் என்று சொல்லவில்லை. அதனால் ஊரில் எல்லாரையும் பார்த்துச் சிரிக்க வேண்டியிருக்கிறது.

இதைச் சொல்லிவிட்டு, நித்யாவின் கழுத்துப் பேட்ஜைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். பார்மசி நித்யாதானே என்று கேட்டார். நித்யாவின் பெயரை அவர் சொன்ன விதத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. அவள் லேசாகத் தலையை மட்டும் ஆட்டினாள். அவளுக்கு அவரை முன்பே தெரியும். இந்த வீட்டில் இருந்தவர் அவர் என்பதும் தெரியும். மருந்து வாங்க வருகிறவரைப் பற்றி வெளியே மூச்சுவிடக் கூடாது என்பது அவள் தொழிலின் கட்டுப்பாடு. ஊரில் மாத்திரை சாப்பிடுகிற வயதுக்கு வந்தவர்கள் எல்லாரும் அந்தக் கவுண்டருக்குத்தான் போக வேண்டும். அவள் வீட்டில்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவர் சொல்லலாமே, அவர் கதை அது. சொன்னார். இரண்டு டாக்டர்கள் தனித்தனியாக எழுதிக்கொடுத்த மருந்தை வாங்கப் போயிருக்கிறார். இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் உள்ளுக்குள் ரத்தம் கசிந்து நிற்காமல் போய்விடும் என்று இவள் கண்டுபிடித்திருக்கிறாள். மருந்தைக் கொடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு இரண்டு டாக்டர்களையும் போனில் பிடித்திருக்கிறாள். ஒருவர் கத்தியது கவுண்டருக்கு வெளியே கேட்டதாம். நானும் நேரமாகிறது என்று கத்தினேன் என்றார் பிட்சர். இந்தப் பெண் அசையவில்லை. சாயங்காலம் வீட்டுக்கே போன் பண்ணி நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டாள். இவள் இந்த ஊரில் வீடு வாங்குகிறாள் என்றால் எனக்குச் சந்தோஷம் என்று அந்தப் பெரியவரிடம் சொல்லுங்கள்.

அதையும் அப்படியே தமிழில் சொன்னேன்.

"நம்ம நித்யாவுங்களா?" என்றார் கரூர் மாமா. "மாத்திரை எடுத்துக் குடுக்கற வேலைன்னுதானே கார்த்தி சொன்னான்."

கார்த்திக் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அவள் வேலையை அவனும் அவ்வளவாகத்தான் தெரிந்து வைத்திருந்தான் என்று நினைக்கிறேன்.

மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார். "அதெல்லாம் சரிங்க. நல்ல மனுஷராட்டந்தான் இருக்கறாரு. ஆனாலும் பேங்க்காரன் எடுத்த வீடு, மனசு ஒப்ப மாட்டேங்குது. விட்டுரு கார்த்தி. ஃபிரிஸ்கோவுலயே பாத்துக்கலாம்."

கார்த்திக் போனை முகத்துக்கு நேரே கொண்டுவந்தான். "அப்பா, நான் அப்புறம் கூப்பிடறேன்" என்றான். அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அவன் போனை வைத்துவிட்டான்.

 கூரையிலிருந்து ஏணி வழியாக இறங்கி வந்த இன்ஸ்பெக்டர், ஓடுகள் எல்லாம் உறுதியாக இருக்கின்றன, கவலை வேண்டாம் என்று சந்தோஷமாக அறிவித்தார்.  பிட்சர் தொப்பியை மாட்டிக்கொண்டு மறுபடி குனிந்து காய் பொறுக்கப் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது. கரூர்.

"மேடம், பையன் போனை வெச்சுட்டானுங்க."

"ஆமாங்க, பாத்தேன்."

"பொறந்ததுல இருந்து எம் பேச்சுக்கு நடுவுல அவன் எந்திரிச்சதுகூட இல்லீங்க." அவர் குரலில் நான் எதிர்பார்த்த கோபம் இல்லை. எதையோ கைதவறவிட்ட மாதிரி இருந்தது. "நித்யாகிட்டக் கொஞ்சம் குடுங்க."

ஸ்பீக்கரில் போட்டு அவளிடம் நீட்டினேன். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"சொல்லுங்க மாமா."

"கண்ணு, உனக்கு வீடு புடிச்சிருக்குதா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எத்தனை வீடு பார்த்திருப்போம்! வாசல் எந்தத் திசை என்று கேட்டோம், முன்னால் இருந்தவன் எப்படிப் போனான் என்று கேட்டோம், டிசம்பருக்குள் முடியுமா என்று கேட்டோம். இந்தக் கேள்வியை அவளிடம் அதுவரை யாருமே கேட்கவில்லை. அவளுக்காக ஓடியாடிய நானும் கேட்கவில்லை. தம்பி தங்கைகளே, ஒப்பந்தம் எழுதுவதற்கு முன்னால் அந்த வீட்டில் வாழப்போகிறவர் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக இதைக் கேளுங்கள். போனுக்குள் இருக்கிறவரைக் கடைசியில் கேட்டால் போதும்.

நித்யா சமையலறையைத் திரும்பிப் பார்த்தாள், மரத்தடியைப் பார்த்தாள், கார்த்திக்கைப் பார்த்தாள்.

"வீடு சுமார்தான் மாமா" என்றாள். "கிச்சன் ரொம்பச் சின்னது. எனக்கு இந்த ஊர்தான் புடிச்சிருக்கு."

கரூரில் யாரோ தட்டை எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது.  

"அப்ப அந்த ஊர்லயே இருங்க கண்ணு" என்றார் அவர்.